கிடப்பில் கிடந்த அம்பாசடர் 1489 எஞ்சினை எழுப்பி வேறு காரில் ஏற்றும் முறை

1489 சிசி பி சீரிஸ் பெட்ரோல் எஞ்சின் அம்பாசடருக்கு வந்தது 1959ல். அதே போர் (சிலிண்டரின் விட்டம்), அதே ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட எஞ்சின் பழைய எம்ஜி மேக்னெட்டிலும் எம்ஜிஏ 1500லும் ஓடியது. 1984ல் வந்த கான்டெஸாவின் முதல் வண்டிகளிலும் இதுதான். ஆகவே ஷெட் மூலையில் தார்ப்பாய் போர்த்தி பதினைந்து இருபது வருஷமாகக் கிடக்கும் ஓர் அம்பாசடர் எஞ்சின், எஞ்சின் போய் நிற்கும் இன்னொரு காருக்கு உயிர் கொடுக்கலாம். அதைச் சரியாகச் செய்யும் வழி இது.

இப்படிக் கிடந்த எஞ்சின் பெரும்பாலும் கெடுவது எழுப்பும் நாளின் முதல் நிமிடத்தில்தான். பேரிங்கில் ஆயில் படலம் வற்றியிருக்கும். சம்ப்பின் (எஞ்சினின் கீழே உள்ள ஆயில் தொட்டி) அடியில் பழைய ஆயில் தார் மாதிரி இறுகியிருக்கும். வால்வு திறந்த நிலையில் நின்ற சிலிண்டரில் ஈரக்காற்று புகுந்து துரு பிடித்திருக்கும். ஆயில் பம்ப் காலியாக இருக்கும். அந்த நிலையில் பேட்டரி கொடுத்துச் செல்ஃப் அடித்தால், துருத் தூள் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே அரைத்துக்கொண்டு போகும். பேரிங்குக்கு ஆயில் எட்டுவதற்குள் கிராங்க் நூறு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். கீழே சொல்லும் வேலை அத்தனையும் அந்த ஒரு நிமிடத்துக்கான ஏற்பாடு. "கையால் சுற்றுகிறது, நல்ல எஞ்சின்" என்று விற்பவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இலகுவாகச் சுற்றும் எஞ்சினிலும் கேம் லோப் (வால்வைத் திறக்கத் தள்ளும் கேம் தண்டின் மேடு) குழி விழுந்திருக்கலாம், பேரிங் அரித்திருக்கலாம்.

காசு கொடுக்கும் முன்

முதலில் காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ன்படி எஞ்சின் மாற்றத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். முன் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். எஞ்சின் கழற்றப்பட்ட வண்டியின் ஆர்சி நகல், விற்பவர் கையெழுத்திட்ட ரசீது, பிளாக்கில் உள்ள எஞ்சின் நம்பரின் தெளிவான படம் மூன்றும் இல்லாமல் வாங்க வேண்டாம். எஞ்சின் நம்பர் தகடு பிடுங்கிய பிளாக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது உங்கள் காருக்கு உதவாது.

50 வயது கடந்த காருக்கு ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 2021ல் வந்த அந்த விதி, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்கிறது. 1489 இருந்த காரில் இன்னொரு 1489ஐ ஏற்றுவது ஒன்று. சைடு வால்வு எஞ்சினோடு வந்த லேண்ட்மாஸ்டரில் 1489ஐ ஏற்றுவது வேறொன்று. இரண்டாவது வகை வேலைக்கு இறங்கும் முன் ஆர்டிஓவில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பிறகு கண்ணால் பார்ப்பது. பிளாக்கின் பக்கச் சுவரில், குறிப்பாகத் தகர வெல்ஷ் பிளக்குகளைச் சுற்றியும் ஹெட்டுக்குக் கீழேயும், மயிரிழை விரிசலோ பழைய வெல்டிங்கோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் இல்லாமல் கிடந்த எஞ்சினா? கார்புரேட்டர் கழற்றிய வாய் திறந்தே இருந்ததா? அப்படியானால் உள்ளே துருவும், போர்ட்டுகளில் குளவிக் கூடும் நிச்சயம் என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். எஞ்சினோடு பேக் பிளேட், ஃப்ளைவீல், கிளட்ச் கவர், பெல் ஹவுசிங், செல்ஃப், எஞ்சின் மவுண்ட் பிராக்கெட் அத்தனையும் சேர்த்தே வாங்குங்கள். வேறு காரில் ஏற்றும்போது சிக்கல் வருவது இந்த உதிரிகளில்தான்.

ஸ்பேனர் எடுக்கும் முன் ஒரு வார்த்தை

இந்த எஞ்சினின் போல்ட்டுகள் மெட்ரிக் கிடையாது. அங்குலக் கணக்கிலான யுஎன்எஃப் மரை, ஸ்பேனர் ஏஎஃப் அளவு (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள அகலம், அங்குலத்தில்). 1/2 ஏஎஃப் என்பது 12.7 மி.மீ. அதில் 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டால் துருப்பிடித்த நட்டின் முனை மழுங்கிவிடும். ஹெட் ஸ்டட்டுகள் 3/8 யுஎன்எஃப், அவற்றின் நட்டுக்கு 9/16 ஏஎஃப் சாக்கெட். தொலைந்த நட்டுக்குப் பதில் எம்10 நட்டை வலிந்து ஏற்றும் பழக்கம் பட்டறைகளில் உண்டு, 9.5 மி.மீ. ஸ்டட்டில் அது இறுகுவது போலக் காட்டி, டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) ஏறும்போது மரையை உரித்துக்கொண்டு வரும். எஸ்யு கார்புரேட்டர் இருந்தால் அதன் மரைகள் பழைய பிரிட்டிஷ் வகை, அதன் ஸ்க்ரூக்களைத் தனி டப்பாவில் வையுங்கள்.

பிடித்துக்கொண்டிருந்தால்

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 50 மில்லி ஊற ஊற்றுங்கள். ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம பங்கு கலந்தது நன்றாக இறங்கும். இரண்டும் நிற்க வைத்தால் பிரிந்துவிடும், ஊற்றும்போது குலுக்கிக்கொள்ளுங்கள். அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றும். மூடிய அறையில், விளக்கருகில், கிரைண்டர் ஓடும் இடத்தில் கூடாது. அது கிடைக்காவிட்டால் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்தாலும் போதும், நாள் மட்டும் கூடுதலாகும். தினமும் மட்டம் பார்த்து ஊற்றி, ஒரு வாரமாவது விடுங்கள்.

திருப்புவதற்கு முன்பக்க கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட கைப்பிடி போட்டு இரு திசையிலும் சிறிது சிறிதாக அசையுங்கள். ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து நெம்ப வேண்டாம், பல் உடையும். ஒரு சிலிண்டர் மட்டும் பிடித்திருப்பதுதான் வழக்கம். அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைத் திறந்து, பிஸ்டன் மேல் பரப்பு முழுதும் படும்படி மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். பிஸ்டன் அலுமினியம், நடுவில் மட்டும் அடித்தால் தலை குழிந்துபோகும்.

ஒரு பாகை அசைந்தவுடன் உற்சாகத்தில் முழுச் சுற்று சுற்றிவிடாதீர்கள். அசைந்த அளவுக்குள் முன்னும் பின்னும் ஆட்டி, ஆயில் ஊற்றி, துரு கரைந்து வருவதைத் துடைத்து, பிறகுதான் அடுத்த பாகை.

ஹெட்டைத் திறப்பது

எஞ்சின் வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போது ஹெட்டையும் சம்ப்பையும் திறக்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை. காரில் ஏற்றிய பிறகு திறப்பது இதைவிடப் பல மடங்கு வேலை.

ராக்கர் பிராக்கெட்டுகளைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரை மட்டும் கழற்றுவதாக நினைத்து அந்த நான்கைத் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் மட்டும் இறுகி நின்று வளையும். மொத்தம் 11 நட்டு. எல்லாவற்றையும் கால் கால் சுற்றாக, வெளியிலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துங்கள். புஷ் ராடுகளை மேலே இழுக்கும்போது லேசாகத் திருகி எடுக்க வேண்டும். பழைய ஆயில் பசையாகி டேப்பட்டை (கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவே உள்ள துண்டு) பிடித்திருக்கும், நேராக இழுத்தால் டேப்பட்டும் கூடவே எழுந்து உள்ளே விழும். எட்டு புஷ் ராடையும் வரிசை மாறாமல் அட்டையில் துளையிட்டுக் குத்தி வையுங்கள். பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் டேப்பட்டுகள் கைக்கு வரும். அவற்றையும் அதே வரிசையில் வையுங்கள். ஒரு லோப்போடு சேர்ந்து தேய்ந்த டேப்பட்டை வேறு லோப்பில் போட்டால் இரண்டும் சீக்கிரம் போய்விடும்.

டேப்பட்டின் அடிப்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசி குத்தியது போன்ற குழிகள் இருந்தால் அந்த டேப்பட் வேண்டாம். கேம் லோப்பின் நுனியில் நகம் தடுக்கும் வடு இருந்தாலும் கேமை மாற்ற வேண்டும் அல்லது நம்பகமான இடத்தில் கிரைண்ட் செய்ய வேண்டும். புதிய டேப்பட்டைப் பழைய வடு விழுந்த கேமில் போடுவது பணத்தை வீணாக்குவதுதான்.

வால்வுகளைக் கழற்றி, கைடில் பக்கவாட்டு ஆட்டம் பாருங்கள். துருவால் கைடில் இறுகிய வால்வை அடித்து இறக்கக் கூடாது. ஊற வைத்து, சுழற்றி, ஸ்டெம்மின் வெளித்தெரியும் பகுதியைச் சுத்தம் செய்த பிறகே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துருவே கைடைக் கீறும்.

இந்த ஹெட்டில் வால்வு சீட் தனி வளையம் கிடையாது, வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. காரீயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்தக் காரீயமே சீட்டுக்கு மெத்தையாக இருந்தது. நாடு முழுக்க 2000ல் காரீயம் நின்றுவிட்டது. இப்போதைய பெட்ரோலில் நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல சீட்டுக்குள் புதையும், டேப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே போகும், கடைசியில் வால்வு மூடாமல் எரியும். ஹெட் லேத் பட்டறையில் இருக்கும்போதே நான்கு எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் கடின உலோக வளையம் இறக்கிவிடுவது நல்லது. ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு இது அவசரமில்லை. அப்படி விட்டால் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டேப்பட் பாருங்கள்.

போர், கிராங்க், பேரிங்

கனெக்டிங் ராடின் பெரிய முனை சாய்வாகப் பிளந்திருப்பதால் பிஸ்டனும் ராடும் மேல்வழியாகத்தான் வரும். வெளியே எடுக்கும் முன் போரின் மேல் விளிம்பில் ரிங் போகாத இடத்தில் உள்ள திட்டை ஸ்கிரேப்பரால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டிப் பிஸ்டன் கரை உடையும். ஒவ்வொரு ராடிலும் மூடியிலும் சிலிண்டர் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பஞ்ச் வைத்துப் புள்ளியிடுங்கள். ராடுகள் ஒரு பக்கம் தள்ளி அமைந்தவை, இடம் மாறினால் கிராங்கில் உரசும்.

ஸ்டாண்டர்ட் போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. டயல் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், நீளவாக்கிலும் குறுக்காகவும் அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் 0.10 மி.மீ.க்குள் வித்தியாசம், துரு வெறும் நிறமாகத்தான் இருக்கிறது என்றால் ஹானிங் (போரின் பரப்பை லேசாகத் தேய்ப்பது) செய்து புதிய ரிங் போட்டால் போதும். 0.15ஐத் தாண்டினாலோ, நகம் தடுக்கும் துருக்குழி ரிங் ஓடும் பரப்பில் இருந்தாலோ போரிங்தான் (போரைப் பெரிதாகக் கடைவது). துருக்குழியை ஹானிங்கிலேயே எடுத்துவிடலாம் என்று சொல்லும் பட்டறையை நம்ப வேண்டாம். அதை எடுக்கும் வரை தேய்த்தால் போர் வட்டமும் நேரும் இழக்கும். பிஸ்டன் செட்டைக் கையில் வாங்கிக் கொடுத்த பிறகே போர் செய்யச் சொல்லுங்கள். 20 சைஸ், 30 சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 30 பங்கு கூடுதல்) என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி முன்கூட்டியே போர் செய்துவிட்டு, பிஸ்டன் அந்த அளவில் கிடைக்காமல் தவிப்பது அடிக்கடி நடப்பது.

இந்த எஞ்சினில் பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் உருளை) ராடின் சிறிய முனையில் ஒரு போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கும். அந்த போல்ட்டை இறுக்கும்போது ராடை வைஸில் பிடித்து முறுக்கினால் ராடு கோணும். பின்னின் இரு முனையிலும் பொருந்தும் கட்டை வைத்து, பின்னையே பிடித்து, 25 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு பிஸ்டன் தன் எடையிலேயே ஆட வேண்டும்.

கிராங்கின் மெயின் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) 50.8 மி.மீ., மூன்றே மெயின் பேரிங். ஈரத்தில் கிடந்த எஞ்சினில் ஜர்னலின் அடிப்பக்கம் மட்டும் கறுத்த கோடுகள் இருக்கும். பேரிங்கில் சாம்பல் நிறத்தில் பொடி உதிரும். பழைய ஆயிலின் அமிலம் பேரிங்கின் மென்மையான உலோகத்தை அரித்ததன் அடையாளம் அது. ஜர்னல் பளபளப்பாகவே இருந்தாலும் பேரிங் செட்டைப் புதிதாகப் போடுங்கள். கிராங்க் 10 சைஸுக்கோ 20 சைஸுக்கோ கிரைண்டிங் போய் வந்தால், அதன் உள் ஆயில் துளைகளில் அரைப்புத் தூள் தங்கியிருக்கும். நீண்ட நைலான் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காற்று அடித்து, மறுபடி தேய்த்து, வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை செய்யுங்கள். புது பேரிங் சில நூறு கிலோமீட்டரில் போய்விட்டது என்று கேள்விப்படும் கதைகளில் பாதிக்கு இந்தத் தூள்தான் காரணம்.

மெயின் பேரிங் நட்டு 70 அடி-பவுண்டு, பெரிய முனை போல்ட்டு 35. பூட்டுத் தகடுகள் புதியவை மட்டும். ஒரு முறை மடக்கியதை மறுபடி மடக்கினால் விண்டுபோகும். ஒவ்வொரு மூடியையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த மூடியில் கனக்கிறதோ அங்கேயே நின்று காரணம் தேடுவது எளிது. எல்லாம் முடிந்த பிறகு தேடுவது கொடுமை.

தண்ணீர் ஓடும் வழி

போர்வெல் தண்ணீர் ஊற்றி வருஷக்கணக்கில் ஓட்டிய பிளாக்கில், நான்காம் சிலிண்டரைச் சுற்றி துருச்சேறு கல்லாக இறுகிக் கிடக்கும். தண்ணீர் முன்பக்கம் மட்டும் ஓடும், கேஜ் இயல்பாகக் காட்டும், நான்காம் சிலிண்டர் மட்டும் வெந்துகொண்டிருக்கும். வெல்ஷ் பிளக்குகள் அனைத்தையும் பிடுங்கி, பின்பக்க டிரெயின் குழாயையும் கழற்றி, கம்பியால் குத்தி, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு வெறும் பிளாக்கை, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் சில மணி நேரம் விட்டு, சமையல் சோடா கரைசலால் அலசி, உடனே உலர்த்தி, போர்களில் ஆயில் தடவுங்கள். தெர்மோஸ்டாட் மூடி அலுமினியம், அதை இந்தக் கரைசலில் போடக் கூடாது. புதிய பிளக்குகள் பித்தளையில் கிடைத்தால் அதுவே மேல். வாட்டர் பாடியின் (தண்ணீர் பம்ப்) சீலும் பேரிங்கும் ஆடாமல் சுற்றினாலும், காய்ந்த சீல் முதல் சூட்டிலேயே ஒழுகும், இப்போதே மாற்றுங்கள்.

ஆயில் பம்ப்

பல எஞ்சின்களில் டெல்கோவை (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) கழற்றி, அந்தத் துளை வழியே டிரில் மெஷினால் பம்பைச் சுற்றி ஆயில் ஏற்றிவிடலாம். பி சீரிஸில் அந்த வழி இல்லை: டெல்கோவுக்குத் தனித் தண்டு, பம்புக்குத் தனித் தண்டு, இரண்டும் கேமிலிருந்து தனித்தனியாகச் சுற்றுகின்றன. ஆகவே பம்பைப் பொருத்தும்போதே நிரப்பிவிட வேண்டும். பம்பைப் பிரித்து, உள் ரோட்டரும் வெளி வளையமும் கீறலில்லாமல் இருக்கிறதா, மூடித் தகட்டில் வட்ட வடு இல்லையா என்று பாருங்கள். வடு இருந்தால் கண்ணாடி மேல் எமரித் தாள் வைத்துத் தகட்டைச் சமமாகத் தேய்க்கலாம். சேர்க்கும்போது வாஸலின் தடவி நிரப்புங்கள். அது உறிஞ்சலைப் பிடித்துக்கொடுத்து, பிறகு ஆயிலில் கரைந்துவிடும். சல்லடையைக் கழற்றாமல் மேலே டீசல் விட்டுக் கழுவுவது போதாது, உள்ளே இருக்கும் கசடு அப்படியே தங்கும்.

பிளாக்கின் பக்கத்தில் உள்ள பிரஷர் ரிலீஃப் வால்வையும் எடுத்துத் துடைத்து, உட்காரும் இடத்தில் தூசி இல்லாமல் பாருங்கள். அது பாதி திறந்து சிக்கியிருந்தால் புது பேரிங் போட்டும் பிரஷர் ஏறாது; பேரிங்கைச் சந்தேகித்து மறுபடி சம்ப்பை இறக்குவீர்கள்.

சேர்க்கும்போது

டைமிங் கியர் இரண்டிலும் உள்ள குழிப் புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்தபடி நேர்கோட்டில் வர வேண்டும். செயின் கையால் தொட்டாலே தொங்கினால் மாற்றுங்கள். ஸ்லிப்பர் வகை டென்ஷனர் இருந்தால் அதன் ரப்பர் இறுகி வெடித்திருக்கும், அதையும். கேம் லோப், டேப்பட் அடி, ராக்கர் நுனி மூன்றிலும் அசெம்ப்ளி பேஸ்ட் தாராளமாக. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக, உங்கள் மேனுவலின் அளவுக்கு இறுக்குங்கள். இந்தக் குடும்ப எஞ்சின்களுக்கு அது 40 முதல் 50 அடி-பவுண்டுக்குள் வரும். ராக்கரின் சிறிய நட்டுகளுக்கு 25. பழைய ஸ்டட் இழுபட்டு இடுப்பு மெலிந்திருந்தால் டார்க் ஏறிக்கொண்டே போகும், நட்டு நிற்காது. அந்த ஸ்டட்டை அப்போதே மாற்றுங்கள்.

அனபாண்ட் மாதிரி பசையைக் கேஸ்கெட்டின் இரு பக்கமும் மெல்லிய படலமாகத்தான் தடவ வேண்டும். பட்டையாகப் பிதுக்கிய பசை உள்ளே உதிர்ந்து, ஆயில் சல்லடையில் போய் அடையும்.

டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், 0.38 மி.மீ. எட்டு வால்வுக்கும் எளிய கணக்கு ஒன்பது: 1ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 8ஐச் சரி செய்யுங்கள்; 3 திறந்திருந்தால் 6; இப்படிக் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். ஃபயரிங் வரிசை 1-3-4-2, டெல்கோ ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. கிடப்பில் இருந்த டெல்கோவில் பாயிண்ட் வெள்ளை பூத்திருக்கும், அட்வான்ஸ் எடைகள் கிரீஸ் இறுகி அசையாது நிற்கும். எடைகளைக் கையால் விரித்துப் பாருங்கள், ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வேண்டும்.

கிராங்கின் பின்முனையில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகு மரை ஆயிலை உள்ளே தள்ளித் திருப்புகிறது. அது வேலை செய்ய வேண்டுமானால் கிராங்க் கேஸில் காற்று அடைபடக் கூடாது. டேப்பட் பக்க மூடியிலிருந்து வரும் பிரீதர் குழாயில் குளவிக் கூடோ பழைய ஆயில் பசையோ அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, ஆயில் நேரே கிளட்ச் பிளேட்டில் போய் விழும். குழாயைக் கழற்றி ஒளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள்.

புதிய காரில் இறக்குவது

எஞ்சினை ஏற்றப்போகும் காரின் கியர் பாக்ஸும் பெல் ஹவுசிங்கும் இந்த எஞ்சினின் பேக் பிளேட்டோடு பொருந்துகிறதா என்பதை எஞ்சினை இறக்கும் முன் தரையில் வைத்தே ஒட்டிப் பாருங்கள். கிராங்கின் பின்துளையில் உள்ள வெண்கலப் புஷ்ஷில் கியர் பாக்ஸ் தண்டின் நுனி ஆட்டமில்லாமல் நுழைந்து சுழல வேண்டும். புதுப் புஷ்ஷை ஒரு நாள் ஆயிலில் ஊறப்போட்டுப் பொருத்துங்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் கடைசி அங்குலம் சேராமல் நின்றால் பெல் ஹவுசிங் போல்ட்டால் இழுத்துச் சேர்க்கக் கூடாது. கிளட்ச் பிளேட் மையம் தவறியிருக்கிறது என்று அர்த்தம். இழுத்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும்.

சம்ப்பின் ஆழமான பகுதி புதிய காரின் முன் குறுக்குத் தண்டில் படுகிறதா, ஸ்டியரிங் ராடுக்கு இடம் இருக்கிறதா, ஃபேன் ரேடியேட்டருக்கு இரண்டு விரல் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் ஹோஸ்கள் இரண்டு கார்களின் வளைவும் கலந்ததாக வரும். பழையதை வெட்டி ஒட்ட வேண்டாம்.

மின்சாரத்தில் இரண்டு விஷயம். பழைய கார்களில் பாசிட்டிவ் எர்த் உண்டு. எஞ்சின் வந்த காரும் போகும் காரும் வேறு வேறு முறை என்றால், டைனமோவின் எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை அதில் நொடிப்பொழுது தொட்டு எடுத்துத் துருவம் மாற்ற வேண்டும்; காயிலின் இரு வயரையும் இடம் மாற்ற வேண்டும். இரண்டாவது, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை. ரப்பர் மவுண்டில் உட்காரும் எஞ்சினுக்கு அதை மாட்ட மறந்தால் செல்ஃபின் மின்சாரம் சோக் கேபிள் வழியே போகும். கேபிள் சிவந்து உருகும்போதுதான் தெரியவரும்.

பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). பழைய ரப்பர் பைப், ஏசி பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டரின் ரப்பர், கார்க் வாஷர்கள் எதுவும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வீங்கி, கரைந்து, ஒழுகும். எத்தனால் தாங்கும் பைப்பும் கிட்டும் போடுங்கள். அதே ஊசியளவில் கலவை கொஞ்சம் மெலியும். எஸ்யுவில் ஜெட் நட்டை ஒரு முனை, இரண்டு முனை இறக்கி, பிளக்கின் நிறம் பார்த்து நிறுத்துங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

முதல் ஸ்டார்ட்

சுமார் 4 லிட்டர் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றி டிப் ஸ்டிக் மட்டம் பாருங்கள். ஃபில்டரை நிரப்பி மாட்டுங்கள். பிளாக்கின் பின்புறம் ஆயில் கேஜ் குழாய் சேரும் துளையில் அழுத்த ஆயில் கேனை வைத்து, கேலரிக்குள் (பிளாக்கின் உள்ளே ஆயில் ஓடும் வழி) ஆயிலைத் தள்ளுங்கள். பிளக்குகள் இல்லாமல், காயில் வயர் கழற்றி, செல்ஃபை 15 வினாடி அடித்து ஒரு நிமிடம் ஓய்வு. கேஜ் முள் 20, 30 பிஎஸ்ஐக்கு எழும் வரை இதைச் செய்யுங்கள். நாலைந்து முறையில் எழவில்லை என்றால் அடிப்பதை நிறுத்தி, கேலரியில் மறுபடி ஆயில் ஏற்றுங்கள். ராக்கர் மூடியைத் திறந்து வைத்தால் ராக்கர் தண்டில் ஆயில் கசிந்து வருவது கண்ணுக்கே தெரியும்.

பிறகு பிளக் மாட்டி, புதுப் பெட்ரோல் ஐந்து லிட்டர் கேனிலிருந்து பைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். காரின் பழைய டேங்க்கைக் கழுவும் வரை அதை எஞ்சினோடு சேர்க்க வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் பார்க்க வேண்டியது ஆயில் கேஜ் ஒன்றைத்தான். ஐந்து வினாடியில் முள் எழாவிட்டால் அணைத்துவிடுங்கள். கேமும் டேப்பட்டும் புதியதென்றால் ஐட்லிங்கில் விடாமல் 1,500க்கும் 2,000 ஆர்பிஎம்முக்கும் நடுவே 20 நிமிடம் ஓட்டுங்கள். குறைந்த சுழற்சியில் லோப்புக்கு ஆயில் தெறிக்காது, அந்த 20 நிமிடத்தில் லோப் உருண்டுபோய்விடும். பழைய கேம், பழைய டேப்பட் அதே இடத்தில் என்றால் இது தேவையில்லை.

முழுதும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் செய்து, டேப்பட்டை மறுபடி வையுங்கள். முதல் ஆயிலை 100 கிலோமீட்டரில் கொட்டிவிடுங்கள். கொட்டிய ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள்: மாவு போன்ற கறுப்புப் படிவு ரிங் அமர்வது, மினுக்கும் செதில் என்றால் சம்ப்பை இறக்க வேண்டும். சூடான எஞ்சின் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ அருகில் காட்டினால் நிம்மதி. ஐட்லிங்கில் 15க்குக் கீழ் விழுந்து, வேகத்தில் சரியாக ஏறினால் முதலில் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். நீலப்புகை முதல் 500 கிலோமீட்டரில் குறைந்துகொண்டே வந்தால் ரிங் அமர்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகைத்தால் வால்வு கைடு. கிளட்ச் வழுக்கி, பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் ஆயில் சொட்டினால் எஞ்சினை இறக்கும் முன் பிரீதர் குழாயை மறுபடி கழற்றிப் பாருங்கள்.